பல்லாவரம் சந்தையில் ஓர் இசைக்கவை

படச்சட்டம் வேண்டாம் என்று மூன்றாவது முறையாக முடிவு செய்த பிறகும் பூபாலனின் கை அந்தச் சட்டத்தின் மேல்தான் இருந்தது. நல்ல தேக்கு, மூலைகளில் கொடி செதுக்கியது. உள்ளே யாரோ ஒரு கல்யாண ஜோடி. கரையான் மாப்பிள்ளையின் தோள்வரை ஏறி, அங்கே மனசு மாறி நின்றுவிட்டிருந்தது. இவர்களைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை பாலிஷ் கொடுத்தால், நாளைக் காலை பத்து மணிக்குத் தர்ஷினி மேடையேறி வாங்கப்போகிற பட்டத்தை இதில் மாட்டலாம். மாட்டலாம்தான். ஆனால் அப்பா எதைக் கொடுத்தாலும் அதில் முன்பு யார் இருந்தார்கள் என்று பார்க்கிறவள் அவள். பத்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த மைக்ராஸ்கோப்பின் அடியில் ஏதோ ஒரு கான்வென்ட்டின் பெயர் இருந்தது. பன்னிரண்டு முடித்தபோது கொடுத்த தோல் பையில் கே.வி. என்று யாரோ சுட்டு வைத்திருந்தார்கள். "இந்த கே.வி. இப்ப எங்க இருப்பாருப்பா?" என்று கேட்டாள். கேலியாகவா, நிஜமாகவா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாத இடத்தில் பேசாமல் இருந்துவிடுவது அவருக்குச் சுலபமாக வரும். மகளுக்குப் புதிதாக ஒரு பொருள் கடையில் போய் வாங்கிக் கொடுத்தால் என்ன, காசு இல்லாதவரா? இல்லை. கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, குரோம்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் அன்றைக்கே கூடுகிற பழைய சாமான் சந்தை, இருபத்தைந்து வருஷப் பழக்கம். அது மட்டுமில்லை. கடையில் வாங்கியது யார் வேண்டுமானாலும் கொடுக்கக்கூடியது. பழையதைத் தேடி எடுத்து, துரு நீக்கி, போன திருகைப் போட்டு, நின்றதை ஓடவைத்துக் கொடுத்தால், அதற்காகக் குனிந்து உட்கார்ந்திருந்த பத்து ராத்திரிகளும் அதோடு போகும் என்று அவர் நினைத்திருந்தார். போயினவா என்பது வேறு விஷயம். "எடுக்கிறதுன்னா எடு சார், தடவிக்கினே இருந்தா பாலிஷ் போயிடும்" என்றான் கடைக்காரன். அவர் கையை எடுத்துக்கொண்டார். நாளைக்கு அந்த மண்டபத்துக்குள் போக அவருக்கு இடம் இல்லை. ஒரு மாணவிக்கு இரண்டு பாஸ். ஒன்று அவளுடைய அம்மாவுக்கு. இன்னொன்று அவளுடைய மாமா கஜபதிக்கு.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. நடந்தது என்று சொல்வதற்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் கஷ்டம். அன்றைக்கு அவர் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு மேசைக் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தர்ஷினி இடதுபக்கமாகப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நின்றாளா? நின்றதாக மனைவி குமாரி சொன்னாள். நின்று, "பத்தொன்பதாம் தேதி பட்டமளிப்புப்பா, நீங்க வருவீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கிறாள். பிறகு போய்விட்டாள். அவர் திருகைக் கழற்றி ஒரு மூடியில் போட்டார். அடுத்த திருகைக் கழற்றினார். அந்தச் சாயங்காலத்தை இந்த ஒன்பது நாளில் எத்தனை தடவை திரும்ப எடுத்துப் பார்த்திருப்பார். கடிகாரத்தின் பல்சக்கரங்கள் ஞாபகம் இருக்கின்றன, எண்ணெய் வாசனை ஞாபகம் இருக்கிறது, ஒரு திருகின் தலை தேய்ந்து திருப்புளி வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. அவள் குரல் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. மறுநாள் காலை குமாரி காபி டம்ளரை வைத்த வேகத்திலேயே தெரிந்தது. "ஏங்க, உங்களுக்கு அவ்வளவு வைராக்கியமா? அந்தப் படிப்பு புடிக்கலன்னா புடிக்கல, நாலு வருஷம் படிச்சு முடிச்ச பொண்ணு வாயத் தொறந்து கேக்குது, ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க? கஜபதிக்குக் கொடுத்துட்டா பாஸை." அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை என்று இரண்டு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றது. கேட்கவில்லை என்றால் ஏன் கேட்கவில்லை என்பார்கள். எவ்வளவு நாளாக என்பார்கள். அவர் காபியைக் குடித்தார். அவருடைய வீட்டில் அவர் பேசாமல் இருந்தால் அதற்கு வேண்டாம் என்று பொருள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அவராகப் பழக்கியது. ஏழாம் வகுப்பில் ஊட்டிக்கு எல்லாரும் போகிறார்கள் என்று வந்து நின்றாள், அவர் செய்தித்தாளைத் திருப்பினார், அவள் போகவில்லை. சைக்கிள் கேட்டாள், பரதநாட்டிய வகுப்பு கேட்டாள், குமாரி ஒருதரம் தன் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். முடியாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கத்தியதில்லை. நான் எதற்கும் தடை சொன்னதே இல்லை என்று கம்பெனியில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார். காது நன்றாக இருந்த காலத்தில் அவர் செய்து வைத்த ஏற்பாடு அது. இப்போது காது போகிறபோது அந்த ஏற்பாடு அவர் இல்லாமலேயே வேலை செய்கிறது. அவள் மேல் என்ன தப்பு? இருபத்திரண்டு வருஷமாகச் சரியாக இருந்த அர்த்தத்தைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

காது போகிறபோது என்று நினைத்ததும் நடை தடுமாறியது. ஒரு புறாக்கூண்டை இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், புறாக்காரர் ஏதோ சொன்னார், பூபாலன் சிரித்தார். இந்தச் சிரிப்பு இரண்டு வருஷத்து ஏற்பாடு. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அது எப்படி இருக்கிறதோ அப்படி வைத்துக்கொள்ள வேண்டும். பாதி நேரம் சரியாக வரும். இடது காது போய்விட்டது என்று ஏன் சொல்ல வேண்டும், மந்தமாக இருக்கிறது, சளி, அழுக்கு, வயசு. ஐம்பத்தைந்து ஒரு வயசா? பவர் பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம், தகடு விழும், பிரஸ் இறங்கும், விழும், இறங்கும், ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் தடவை. காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள், ஆரஞ்சு நிறத்தில், கயிறு கோத்து. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மாட்டிக்கொள்வார்கள், மற்ற நேரம் அது கழுத்தில் தொங்கும். மாட்டிக்கொண்டே வேலை செய்த ஒரே ஆள் கேரளாக்காரன் ஒருத்தன், அவனை எல்லாரும் கல்யாணப் பெண் என்று கூப்பிட்டார்கள். அதற்கும் முன்பு முனிரத்தினம் இருந்தார். ஃபோர்மேன், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி, இரண்டு காதும் சுத்தமாகப் போனவர். டமாரம் என்று பேர். அவர் நேருக்கு நேர் நிற்கும்போதே, வணக்கம் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். அவரும் திரும்ப வணக்கம் வைப்பார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். சுற்றி நின்றவர்கள் என்ன, பூபாலன் சிரித்தார். பூபாலன் திட்டினார். ஒரு தடவை இல்லை. முனிரத்தினத்துக்குத் தெரிந்திருக்குமா? இவ்வளவு நாள் தெரிந்திருக்காது என்று நினைத்திருந்தார். இப்போது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய பிறகு, தெரிந்திருக்கும் என்று படுகிறது. உதடு தெரியாவிட்டாலும் கண் தெரியும். தெரிந்துகொண்டே வணக்கம் வைத்திருக்கிறார். மகள் எடுத்ததோ காது சம்பந்தப்பட்ட படிப்பு, செவித்திறன் சோதிக்கிறது, பேச்சு வராத பிள்ளைகளைப் பேசவைக்கிறது. "காது மிஷின் விக்கிற கடையில உக்கார நாலு வருஷமா?" என்று அவர் சொன்னது முதல் வருஷம். அப்போதே இடது பக்கத்தில் ராத்திரியானால் ஒரு சீழ்க்கைச் சத்தம் இருந்தது. அதனால்தான் சொன்னாரா? படிப்பைத் திட்டினாரா, சீழ்க்கையைத் திட்டினாரா?

ஆகவே ஒரு பொருள் வேண்டும். பேசாமல் கொடுக்கக்கூடியதாக, ஆனால் பேசியது போல இருக்கிறதாக. பழைய தையல் மிஷினின் இழுப்பறைகள் தனியாக விற்பனைக்கு இருந்தன, நீளமாக, பித்தளை வளையத்தோடு. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் அவள் மேசைக்குச் சிறு பெட்டியாகும், சின்னச் சின்ன சாமான்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு வால்வு ரேடியோவின் வெறும் கூடு இருந்தது, துணித்திரை கிழிந்து. உள்ளே பலகை அடித்தால் புத்தகத்துக்கு ஆகும். பள்ளிக்கூட மணி ஒன்று. ஐந்து கோப்பை மட்டும் மிச்சமான ஒரு டீ செட். ஒவ்வொன்றையும் கையில் எடுத்தார், ஒவ்வொன்றையும் அவள் வாங்கிக்கொள்கிற மாதிரி மனசில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் வாங்கிக்கொண்டாள், தேங்க்ஸ்பா என்றாள், உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை, கோபப்படவில்லை, நன்றாக வளர்ந்த பெண். அதுதான் பயமாக இருந்தது. தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது. மீனம்பாக்கம் பக்கம்தானே, பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அது கடக்கிறவரை சந்தை முழுக்க வாய்கள் அப்படியே நின்றன, பேரம் பேசிய கைகள் பாதியில் நின்றன, யாருக்கும் யார் சொல்வதும் கேட்கவில்லை. பூபாலனுக்கு அந்த அரை நிமிஷம் பிடிக்கும். இந்த இரண்டு வருஷமாக ரொம்பப் பிடிக்கும். விமானம் போனதும் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவர் மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

பவுனக்கா கடை என்பது ரோட்டோரம் விரித்த ஒரு நீலத் தார்ப்பாய். மூடிப்போன ஆஸ்பத்திரிகள், கிளினிக்குகள் கழித்துப் போட்ட சாமான்கள் அவளிடம் வரும். ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டி, எனாமல் தட்டு, கத்தரிகள், காலொடிந்த எடை மிஷின். ஐம்பது வயசு இருக்கும், வருஷக்கணக்காகத் தெரிந்தவள், வாய் கொஞ்சம் நீளம். "வா சார். இன்னா, இன்னிக்கும் பார்த்துட்டு வெச்சுட்டுப் போவப் போறியா?" என்றாள். எனாமல் தட்டுக்குள் அது கிடந்தது. இரண்டு விரல் போல நீண்ட எஃகு, கீழே ஒரு காம்பு, காம்பின் மேல் 512 என்று பொறித்திருந்தது. பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் பார்த்த இசைக்கவை. தர்ஷினியிடமும் ஒன்று உண்டு, கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. இரண்டாம் வருஷத்தில் அதைக் கொண்டுவந்து குமாரியின் மேல் பழகினாள். முழங்கையில் தட்டி, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, "நின்னதும் சொல்லும்மா" என்பாள். காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பாள், நெற்றி நடுவில் வைப்பாள். குமாரி கூச்சத்தில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "அப்பா, அடுத்தது நீங்க." அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நாலு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், முந்தின நாள் மழை பெய்திருந்தும். இதுதான், இதைத்தான் வாங்க வேண்டும், சொந்தமாக ஒன்று, அவள் கையில் வேலைக்கு ஆகிறது, துரு லேசானது, அரைமணி நேர வேலை. "இது இன்னாத்துக்கு சார்? கவுட்டு மாதிரி கீது" என்றாள் பவுனக்கா. "தட்டினா சத்தம் வரும்" என்றார். "சத்தம் வர்றதுக்கு இங்க பஞ்சமா?" என்று சிரித்தாள். அவர் அதைத் தன் முழங்காலில் தட்டி வலது காதருகே பிடித்தார். ம் என்று ஒரு சத்தம், மெல்லிசாக, தேன் ஒழுகுகிற மாதிரி நீண்டு, தேய்ந்து, முடிந்தது. நல்ல பொருள். இடது காதுக்குக் கொண்டுபோனார். உடனே எதுவும் இல்லை. மறுபடி ஓங்கித் தட்டினார். தொலைவில் யாரோ கதவுக்கு அப்பால் முனகுவதுபோல் ஒன்று வந்தது, வந்ததா என்று யோசிப்பதற்குள் போனது. "சீக்கிரமே நின்னுடுதே" என்றார், பொருளின் மேல் குறை சொல்கிற குரலில். "குடு சார் இப்படி." அவள் வாங்கித் தன் முழங்காலில் தட்டி, வெற்றிலைச் சிவப்பேறிய வாய் திறந்திருக்க, தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர் மனசுக்குள் எண்ணினார். தனக்குச் சத்தம் நின்ற எண்ணிக்கை வந்தது. "இன்னும் கேக்குது" என்றாள். மேலும் எண்ணினார். "இன்னும் கேக்குது சார்." ஒரு மாட்டு வண்டி கடந்தது. "தோ, இன்னும் கேக்குது, கொசு மாதிரி." பிறகு கவையை இறக்கி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. "அது நல்லாத்தான் கீது சார். உனக்குத்தான் காது டப்பாவா?" என்றாள். கேலிதான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். லேத்துல இருந்தாரு. கூப்ட்டா திரும்ப மாட்டாரு, திமிருன்னு நெனச்சு நான் ரெண்டு வருஷம் சண்ட போட்டேன். செவிடுன்னு சொல்லியிருந்தா நான் ஏன் சண்ட போடப் போறேன்? அதச் சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

என்ன வெட்கம். அவர் தார்ப்பாயின் ஓரத்தில் குந்தினார். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவதில் ஒரு கௌரவம் இருக்கிறது, டமாரம் என்று பேர் வாங்குவதில் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. மகள் படிப்பை மதிக்காத அப்பா, பட்டமளிப்புக்கு வர மனசில்லாத அப்பா என்று அவள் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் காது கேளாத அப்பா என்று மட்டும் தெரியக்கூடாது. இப்படி ஒரு கணக்கை யாராவது உட்கார்ந்து போடுவார்களா? போட்டிருக்கிறார், ஒன்பது நாள். இசைக்கவையை வாங்கிப்போய் இன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார். தேங்க்ஸ்பா. உள்ளே போவாள். நாளைக்கு கஜபதி இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டியை எடுப்பான், இவர் வாசலில் நின்று கேட்டைச் சாத்துவார், இந்தச் சாமான் அவள் மேசையில் கே.வி.யின் பைக்குப் பக்கத்தில் கிடக்கும். பொருள் பேசாது. இருபத்திரண்டு வருஷமாக எதைக் கொடுத்தும் பேசவில்லை, இது மட்டும் பேசிவிடுமா? பேசுகிறது ஆள் செய்ய வேண்டிய வேலை. போனை எடுத்தார். ஒத்திகைக்குக் கல்லூரிக்குப் போயிருப்பாள், சாயங்காலம் நேரில் சொல்லலாம், நேரில் என்றால் நாக்கு மடங்கும், குமாரி நிற்பாள், வேறு பேச்சு வரும். போனை உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார். "யாருக்கு சார்?" என்றாள் பவுனக்கா. "பொண்ணுக்கு." அழுத்திவிட்டார். வலது காதில் வைத்தார். மணி அடிப்பது தெரிந்தது, நின்றது தெரிந்தது, எடுத்துவிட்டாள், ஏதோ சொல்கிறாள், அப்பா என்றுதான் இருக்கும், இல்லையென்றால் என்னப்பா. சுற்றிலும் இரைச்சல், இந்தக் காதும் இப்போது கைவிட்டது, ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. சரி, பதில் கேட்காமலாவது சொல்லலாம், அவள் அன்றைக்கு அப்படித்தான் நின்றாள். "தர்ஷினி, நான்தான். நீ சொல்றது எதுவும் எனக்குக் கேக்கலம்மா, நான் சொல்லிடறேன். அன்னிக்கு நீ பின்னாடி வந்து கேட்டியே, பட்டமளிப்புக்கு. அதுவும் எனக்குக் கேக்கல. வரமாட்டேன்னு நான் இருக்கல. எனக்குக் காது கேக்கலம்மா. ரொம்ப நாளா. உங்கிட்ட சொல்ல" என்று பாதியில் நிறுத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

போனில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மெல்லிய அசைவு, அவ்வளவுதான், அழுகிறாளா திட்டுகிறாளா என்று பிரிக்க முடியாத அசைவு. பூபாலன் போனைப் பவுனக்காவிடம் நீட்டினார். "என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லும்மா." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "ஹலோ, பாப்பா. நான் சந்தையில கட வெச்சிருக்கேன். அப்பா இங்கதான் கீறாரு, நல்லாத்தான் கீறாரு, நீ சொல்லு." கேட்டாள். பூபாலன் அவள் முகத்தையே பார்த்தார், ஆனால் இந்தத் தடவை தன் முகத்தை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ள வரவில்லை. "எந்தக் காதுன்னு கேக்குது." அவர் இடது காதைத் தொட்டார். "எடது காது பாப்பா... எவ்ளோ நாளான்னு கேக்குது." அவர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டை நீட்டினார். "நாலு வருஷம்ங்கிறாரு... தல சுத்துதா, காதுல சத்தம் வருதான்னு கேக்குது." "ராத்திரியில வரும். சீழ்க்கை மாதிரி." பவுனக்கா அதை அப்படியே சொன்னாள், சந்தைக்கே கேட்கிற மாதிரி. சட்டக்கடைக்காரன்கூட எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று தோன்றியது. உடனே தோன்றவில்லை, இரண்டு மூச்சு கழித்துத் தோன்றியது. "அழுவுறாளா?" என்று கேட்டார். "அழுதுட்டுத்தான் பேசுது. ஆனா கேள்வியெல்லாம் வரிசையா டாக்டர் மாதிரி கேக்குது சார்." அவள் மறுபடி போனில் ஆழ்ந்தாள், ம் கொட்டினாள், நடுவில் ஒருதரம் சிரித்தாள், "ஆமா பாப்பா, ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்" என்றாள். அந்த நேரம் அவருக்கு ரொம்ப நீளமாக இருந்தது. பிறகு அவள் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, அவருடைய வலதுபக்கம் நகர்ந்து வந்து, குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் ரெடியா இருக்கணுமாம். வெளிய பெரிய டிவி வெப்பாங்களாம், மாமா அதுல பார்த்துக்கட்டுமாம். நீ உள்ள போயி மேடையப் பார்த்தாப்ல எடது பக்கமா உக்காரணுமாம், அப்பத்தான் நல்ல காது மேடைப் பக்கம் இருக்குமாம். அது பேரைக் கூப்புடறது உனக்குக் கேக்கணுமாம்." பூபாலன் தலையைச் சாய்த்து, கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். முதல் தரமே கேட்டிருந்தது.